மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது?

பள்ளித் தோட்டம் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, சென்னையில் அரசுப் பள்ளி ஒன்றில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சர், வருஷா வருஷம் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தில் எங்கள் பள்ளியில் கன்று நடுகிறோம். அடுத்த வருஷம் அதே குழியில்தான் மறுபடி நட வேண்டியிருக்கிறது. "போன வருஷமும் இங்கேதானே நட்டோம்" என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். என்ன செய்வது?
(ஆசிரியை, பெரம்பூர்)

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஜூன் முதல் வாரமோ கத்திரி வெயில் முடிந்த கையோடு வருகிறது. பையில் சொகுசாக வளர்ந்த கன்றை அந்தச் சூட்டில் நட்டால் தாங்காது. பொள்ளாச்சிக்கும் கன்னியாகுமரிக்கும் தென்மேற்குப் பருவமழை உண்டு, அங்கே ஜூனில் நடலாம். நமக்கு அது சரிவராது.

அதற்காக ஜூன் 5-ஐ விட்டுவிட வேண்டாம். அன்றைக்குக் குழி வெட்டுங்கள். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் போதும். நகரத்துப் பள்ளி மைதானத்தைத் தோண்டினால் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும்தான் முதலில் வரும். அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மண்ணை வெயிலில் ஆற விடுங்கள். அப்புறம் மக்கிய எருவும் இலைச்சருகும் கலந்து மூடிவையுங்கள். அக்டோபரில் நாலு நல்ல மழை பெய்ததும் கன்றை நடுங்கள். மார்ச் வெயில் வருவதற்குள் வேர் இறங்கிவிடும்.

அடுத்தது மே மாதம். என் அனுபவத்தில் பள்ளிக்கூடத்துக் கன்றுகள் அதிகம் சாவது நட்ட மாதத்தில் அல்ல, கோடை விடுமுறையில்தான். கேட் பூட்டியிருக்கும், தண்ணீர்த் தொட்டி காய்ந்திருக்கும். அதனால் கன்று வாங்குவதற்கு முன்பே 'மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது' என்பதை முடிவு செய்து, பெயரோடு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் பிள்ளைகள், இரவுக் காவலர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஆகியோரைக் கேளுங்கள். அவர்கள் வருவார்கள். யாரும் கேட்காததால்தான் வருவதில்லை. கன்றுக்கு ஓரடி தள்ளி, பளபளப்புப் பூச்சு பூசாத மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் நீர் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். தினமும் ஆள் வர வேண்டியதில்லை. பெருக்கிய சருகைக் கொளுத்தாமல் கன்றின் அடியில் பரப்பச் சொல்லுங்கள். ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது.

எத்தனை கன்று நடுவது என்றும் யோசியுங்கள். ஐந்து கன்றை நட்டு ஐந்தையும் காப்பாற்றிய பள்ளிதான் எனக்குப் பெரிது. ஆறாம் வகுப்பில் நடுகிற பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அந்த மரம் அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மைதானம் முழுக்க சிமென்ட் கல் பதித்துவிட்டார்கள். மண்ணே இல்லை. நாங்கள் தோட்டம் போட முடியுமா டீச்சர்?
(எட்டாம் வகுப்பு மாணவன், வியாசர்பாடி)

பதில்: முடியும் தம்பி. சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு வரிசைக் கல்லை மட்டும் எடுத்துத் தரச் சொல்லித் தலைமை ஆசிரியருக்கு நீங்களே கடிதம் எழுதுங்கள். மழைத் தண்ணீரும் அந்த வழியாகப் பூமிக்குள் இறங்கும் என்பதையும் எழுதுங்கள். அனுமதி கிடைக்கும்வரை சிமென்ட் சாக்கிலும் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியிலும் தொடங்கலாம். அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். முதல் செடியாகக் கறிவேப்பிலை வையுங்கள். அதில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு தெரிந்தால் நசுக்க வேண்டாம். அது வளர வளரப் பச்சையாகும், கூட்டுப்புழுவாகும், ஒருநாள் கறிவேப்பிலை அழகி என்கிற கறுப்புப் பட்டாம்பூச்சியாக வெளியே வரும். தினமும் வரைந்து தேதி போட்டு வையுங்கள்.

கேள்வி: சீக்கிரம் நிழல் தரும் என்று குல்மோகரும் கோனோகார்பஸும் வைக்கப் போகிறார்கள். சரிதானா?
(பெற்றோர், அம்பத்தூர்)

பதில்: வேண்டாம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் குல்மோகரும் தூங்குமூஞ்சி மரமும் எப்படிக் கிடந்தன என்று பார்த்தோம். குல்மோகர் பார்க்க அழகுதான், ஆனால் வேர் மேலாகவே ஓடும், கிளை சட்டென்று ஒடியும். பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு ஆகாது. கோனோகார்பஸை 2023-இல் குஜராத் அரசு தடை செய்தது. ஒவ்வாமை தரும் அதன் மகரந்தமும், குழாய்களைத் துழாவும் வேரும்தான் காரணம்.

நம் மண்ணுக்குப் புங்கம் இருக்கிறது, பூவரசு இருக்கிறது, மகிழம், புன்னை, நாவல் எல்லாம் இருக்கின்றன. புங்கம் வேகமாகவே நிழல் தரும். நாவல் பழுக்கும் காலத்தில் சட்டையெல்லாம் கறையாகும் என்று சிலர் மறுப்பார்கள். ஆகட்டுமே! ஊதா நாக்கை நீட்டிக் காட்டாத பள்ளிப் பருவம் என்ன பருவம்? கட்டடத்திலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள். அரளி, காட்டாமணக்கு இரண்டையும் பள்ளிக்குள் விடவே கூடாது. காட்டாமணக்கு விதையைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது!

கேள்வி: சத்துணவுக்குக் காய்கறி விளைவிக்கலாமா?
(சத்துணவு அமைப்பாளர், தண்டையார்பேட்டை)

பதில்: கீரையில் தொடங்குங்கள். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிக்க வரும், அரைக்கீரையை நறுக்க நறுக்கத் தழைக்கும். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடுங்கள். தட்டு கழுவிய தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்புங்கள். பெயின்ட் உதிரும் பழைய சுவரோரம் கீரை வேண்டாம், அந்தப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். முருங்கையை மைதானத்தின் மூலையில் வையுங்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையும், கிளையும் ஏறினால் ஒடிந்துவிடும்.

கேள்வி: என் மகளைப் படிக்க அனுப்பினேன். மண் வெட்டச் சொல்கிறார்கள். இது நியாயமா?
(தாய், கொருக்குப்பேட்டை)

பதில்: உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன் அம்மா. ஏழை வீட்டுப் பிள்ளைகளையும், சாதி பார்த்துச் சில பிள்ளைகளையும் மட்டுமே துப்புரவு வேலைக்கு ஏவிய பள்ளிகள் இந்த நாட்டில் உண்டு. அந்தப் பயம் உங்களுக்கு வருவது இயல்பு. அதனால் பள்ளியில் போய் இவற்றைக் கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்கிறார்களா? ஆசிரியர்களும் மண்வெட்டி பிடிக்கிறார்களா? பாடம் படிக்காதவருக்கும் தாமதமாக வந்தவருக்கும் தண்டனையாகத் தோட்ட வேலை தருகிறார்களா? பெருக்குவது பெண்கள், குழி வெட்டுவது ஆண்கள் என்று பிரிக்கிறார்களா? இதில் ஒன்று தவறாக இருந்தாலும் தயங்காமல் எதிர்த்துப் பேசுங்கள், நானும் உங்கள் பக்கம்தான்.

எல்லாம் சரியாக இருந்தால், மகள் அங்கே என்ன கற்கிறாள் என்று ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். மரத்தின் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் நூல் கட்டி அளப்பார்கள், வனத்துறையில் அளப்பதும் அப்படித்தான். அதிலிருந்து விட்டம் கண்டுபிடிக்கும்போது 'பை' என்கிற எண் எதற்கு என்று அவளுக்கே விளங்கும்.

கேள்வி: கன்று எங்கே கிடைக்கும்?
(தலைமை ஆசிரியர், ஆவடி)

பதில்: வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காக நாட்டு மரக் கன்றுகளை நிறைய வளர்க்கிறார்கள். ஆகஸ்டிலேயே பள்ளியின் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். கன்றை வாங்கும்போது பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள், வேர் சுருண்டு வளையமாகக் கிடந்தால் அதை வாங்காதீர்கள்.