கற்றாழை நார் ஏன் பழுப்பாகிறது? சாயம் ஏன் ஏறவில்லை?

கேள்வி: மாத்தளைப் பக்கம் எங்கள் காணி எல்லையில் நார்க் கற்றாழை (சிங்களத்தில் ஹண) 40 செடி, 3 வயது. வெட்டி 4 நாள் கழித்து நார் எடுத்தேன். பழுப்பாக, முரடாக இருக்கிறது. கம்பளி நூலுக்குச் சொன்னபடி படிகாரம் மட்டும் போட்டுப் பதிமுகத்தில் (சிவப்புச் சாயம் தரும் மரக்கட்டை) காய்ச்சினேன். அலசியதும் சிவப்பு போய்விட்டது.

பதில்: ஐயா, செடியில் குறையில்லை. அந்த 4 நாளில்தான் வினை. வெட்டிய இலையில் சாறும் சதையும் நாரோடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு சுரண்டினாலும் போகாது. வெட்டிய அன்றே, தவறினால் மறுநாளாவது நார் எடுத்துவிடுங்கள்.

நிமிர்ந்து நிற்கும் குருத்துப் பக்கம் கை வைக்காதீர்கள்; வெளிப்புறம் சாய்ந்த இலைகளை மட்டும் வெட்டி, செடியில் 20 இலையாவது விடுங்கள். பூந்தண்டு கிளம்பிய செடி பூத்துச் சாகும். அதன் இலையை முழுக்க எடுக்கலாம், தண்டில் வரும் குருத்துக் கன்றுகளை நாற்றுக்கு வையுங்கள். 100 கிலோ பச்சை இலைக்கு 2 முதல் 3 கிலோ நார்தான் வரும், அதற்குமேல் கணக்குப் போடாதீர்கள்.

வழவழப்பான கட்டையில் இலையைக் கிடத்தி, மழுங்கிய தகட்டால் நடுவிலிருந்து நுனிக்குச் சுரண்டி, திருப்பி அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். கூரான கத்தி நாரை அறுத்துவிடும். சாறு தோலை அரிக்கும், கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். உடனே 3 தண்ணீரில் அலசுங்கள். அந்தக் கழிவுநீரை ஓடையில் விடாதீர்கள், மீன் சாகும். கொடியில் விரித்துக் காயவிட்டு, பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடித்துப் புள்ளி விழும், அது போகவே போகாது.

இனிச் சாயம். கம்பளி விலங்கு முடி, படிகாரத்தைத் தானே பிடிக்கும். தாவர நார் அப்படிப் பிடிக்காது, முதலில் கடுக்காய்த் துவர்ப்பு ஏற்றவேண்டும். 100 கிராம் காய்ந்த நாரைச் சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் காய்ச்சி அலசுங்கள். 20 கிராம் கடுக்காய்த் தூள் கலந்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறட்டும். பிழிந்து, 20 கிராம் படிகாரம் கரைத்த இளஞ்சூட்டு நீரில் இன்னோர் இரவு வைத்து, அலசி, அதன்பின் பதிமுகச் சாற்றில் போடுங்கள். பாத்திரம் இரும்பாக இருக்கக்கூடாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துவிடும். கறுப்புதான் வேண்டுமென்றால் அதையே வேண்டுமென்று செய்யலாம், ஆனால் இரும்பு கூடினால் நார் உளுத்துப்போகும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் வெளுக்கும், விற்கும் பாய்க்கு வேண்டாம்.

கண்டிப் பக்கம் ஹேனவலையில் தும்பறைப் பாய் நெய்கிறவர்கள் இந்த நாரைத்தான் நெய்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய கைவேலை அது. உங்கள் நாரை அங்கே கொடுக்கும் எண்ணமிருந்தால் சாயம் போடாமல், நீளம் குறையாமல், வெள்ளையாகக் கொண்டுபோங்கள். முறிந்த, பழுப்பு நாரைக் கயிறு திரிக்க வைத்துக்கொள்ளுங்கள்.