2,600 சதுர அடிக்கு 14 டன் ஏசியா?

கேள்வி: திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டுகிறோம். கீழும் மேலுமாக 2,600 சதுர அடி. கீழே ஹாலும் ஒரு படுக்கையறையும், மாடியில் இரண்டு படுக்கையறைகள். தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. டல்லாஸில் இருக்கும் மகன், "இங்கே மாதிரி வீடு முழுக்க ஒரே ஏசியாகப் போட்டுவிடுங்கள்" என்கிறான். டீலர் 8.5 டன்னில் ஒன்று, 5.5 டன்னில் ஒன்று, ஆக 14 டன் டக்டபிள் (குளிர்ந்த காற்று டக்ட் என்கிற பெரிய குழாய் வழியாக எல்லா அறைக்கும் போகும் வகை) வேண்டும் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். சரிதானா?

பதில்: 200 சதுர அடிக்கு ஒரு டன் என்று 2,600ஐ 200ஆல் வகுத்தால் 13. கடையில் கிடைக்கும் அளவுகளில் அதற்குப் பக்கத்தில் வருவது 14. டீலர் போட்ட கணக்கு அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மாடிப்படி, சமையலறை, குளியலறை, பூஜை அறை, ஏன், சுவர்களின் கனத்தைக்கூட அவர் குளிர வைக்கப் பார்க்கிறார்.

ஏசியில் டன் என்பது ஐஸ் கட்டி விற்ற காலத்து அளவு. 907 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் ஒரு டன். வெப்பத்தை அளக்கும் பிடியூ கணக்கில் மணிக்கு 12,000. 14 டன் என்றால் தினமும் உங்கள் வீட்டில் 12,700 கிலோ ஐஸ் இறக்குகிற மாதிரி. வீட்டில் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை பேர் இருந்தாலும் இது அதிகம்.

அறை அறையாகப் பாருங்கள். கீழ்ப் படுக்கையறைக்கு மேல் வெயில் படாது, 1 டன் போதும். மாடி அறைகள் இரண்டும் நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளத்துக்கு அடியில் இருக்கின்றன. இரவு 11 மணிக்கும் அந்தத் தளம் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் அறைக்கு 1.5 டன். ஹால் 400 சதுர அடிக்குள் என்றால் 2 அல்லது 2.5 டன். எல்லாம் சேர்ந்தாலே 6.5 டன்தான். இரவில் ஹால் அணைந்துவிடும், ஓடுவது 4 டன். இது என் மனக்கணக்கு. ஜன்னல் எந்தத் திசை, எத்தனை பேர், தளத்துக்கு மேல் என்ன என்று அறைவாரியாக எழுதிய ஹீட் லோடு கணக்கை (எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்ற கணக்கை) டீலரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு டீலரைப் பாருங்கள்.

மகன் சொல்வதிலும் தப்பில்லை, ஆனால் அது அந்த ஊர் வீட்டுக்கு. அங்கே சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் வெப்பத் தடுப்பு அடைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் சூடான காற்று போவதற்கும் அதே டக்ட்தான். வீடு முழுக்க ஒரே வெப்பநிலையில் இருப்பது அவர்களுக்குப் பழக்கம். நாம் ஆள் இருக்கும் அறையில் மட்டும் ஏசி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்கள். ஒரு அறைக்காக 8.5 டன் மெஷினை ஓட்டினால், அது முழு வேகத்தில் சுமார் 10 கிலோவாட் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் அப்புறம் தூக்கத்தைக் கெடுக்கும். போதாக்குறைக்கு டக்ட் போக ஃபால்ஸ் சீலிங்கை ஒரு அடியாவது இறக்க வேண்டும். 10 அடி அறை 9 அடியாகிவிடும்.

அளவு பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்பீர்கள். சென்னையில் அதுவே கெடுதல். பெரிய மெஷின் ஐந்தே நிமிடத்தில் அறையைக் குளிர்த்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் காயிலில் (உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில்) படிந்து வெளியேற, மெஷின் நிதானமாக நெடுநேரம் ஓட வேண்டும். அது நடக்காதபோது 22 டிகிரியிலும் உடம்பு பிசுபிசுக்கும். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் மெஷினும் ஓர் அளவுக்குக் கீழே வேகத்தைக் குறைக்காது, நின்று நின்றுதான் ஓடும்.

ஒரே வெளி யூனிட்தான் வேண்டும் என்றால் விஆர்எஃப் இருக்கிறது. வெளியே ஒன்று, உள்ளே நான்கு, ஒவ்வோர் அறைக்கும் தனி ரிமோட். எல்லா அறையும் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் வெளி யூனிட் 6 டன்னுக்குள் இருந்தாலே போதும். பார்க்கவும் அழகு. ஆனால் அந்த ஒன்று மே மாதத்தில் படுத்தால் நான்கு அறையும் படுத்துவிடும். தெருமுனை மெக்கானிக் அதில் கை வைக்க மாட்டார். என் ஓட்டு நான்கு தனி இன்வெர்ட்டர் ஸ்பிளிட்டுக்குத்தான்.

அதில் மிச்சமாகும் பணத்தில் முதலில் மொட்டை மாடியைக் கவனியுங்கள். வெதரிங் கோர்ஸ் (தளத்துக்கு மேல் வெயிலையும் மழையையும் தடுக்கப் போடும் அடுக்கு) போட்டு மேலே வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டுங்கள். மேற்கு ஜன்னல்களுக்கு ஆழமான சன்ஷேட் வையுங்கள். பூச்சுக்கு முன்னால் காப்பர் பைப்பையும் தண்ணீர் போகும் பைப்பையும் சுவருக்குள் விட்டுவிடுங்கள். தண்ணீர் பைப்புக்குச் சரிவு அவசியம். காப்பர் பைப்பில் நைட்ரஜன் ஏற்றி, ஒரு நாள் விட்டு, பிரஷர் இறங்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே பூசச் சொல்லுங்கள். முனைகளை அடைத்து வைக்க மறந்தால் சிமென்ட் தூசி உள்ளே போய்விடும். பைப் போகும் வழியை ஸ்கேலோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் படம் மாட்ட ஆணி அடிக்கும்போது உதவும்.

உப்புக் காற்றுக்கு: வெளி யூனிட்டின் காயில் காப்பராகவும், அரிப்பைத் தாங்கும் பூச்சு உள்ளதாகவும் இருக்கட்டும். கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள்.

கேள்வி: ஐந்து ஸ்டார்தான் வாங்க வேண்டுமா?

பதில்: லேபிளில் அச்சிட்டிருக்கும் வருடாந்திர யூனிட் 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. இரவுக்கு 8 மணி நேரம் வீதம் 200 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு ஓடும் படுக்கையறைக்கு ஐந்து ஸ்டார் வாங்கலாம். விருந்தினர் அறைக்கு மூன்றே போதும். லேபிளில் உள்ள வருடத்தையும் பாருங்கள். 2022 ஜூலையில் ஸ்டார் கொடுக்கும் விதியை இறுக்கியபோது, அதுவரை ஐந்து ஸ்டார் வைத்திருந்த மாடல்கள் நான்குக்கு இறங்கின. "பழைய ஸ்டாக், விலை குறைவு" என்று கடைக்காரர் சொன்னால் முதலில் அந்த வருடத்தைத்தான் பார்ப்பேன்.