அரளியில் வளர்ந்த புல்லுருவி வேண்டாம்

நண்பரே, மரக்கிளையில் ஒட்டி வளரும் செடியான புல்லுருவியில் மாமரத்துப் புல்லுருவி கிடைக்கவில்லை, வீட்டுச் செவ்வரளியில் இருப்பதையே கஷாயம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

இரண்டும் ஒரே செடியாகவே இருக்கலாம், இலையிலும் பூவிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கிளையோடு ஒட்டும் இடத்தைப் பாருங்கள், முண்டு போலப் புடைத்திருக்கும். அங்கேதான் அதன் உறிஞ்சுவேர் பட்டையைத் துளைத்து மரத்தின் நீர்க்குழாய்களைத் தொடுகிறது. பச்சை இலை இருப்பதால் உணவைப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும். தண்ணீரும் உப்புகளும் மரத்திலிருந்துதான். அந்தத் தண்ணீரோடு மரத்தில் உள்ள வேதிப்பொருள்களும் சேர்ந்து ஏறிவிடும். அரளியில் வளர்ந்த புல்லுருவியில், இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் என்ற நஞ்சுப் பொருள்கள் இருப்பதை 1961லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். கொதிக்க வைத்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தியில் தொடங்கி நாடித்துடிப்பு தாறுமாறாகும்.

நம் வைத்தியர்கள் புளியமரத்துப் புல்லுருவி, மாமரத்துப் புல்லுருவி என்று மரத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்வது எவ்வளவு சரி பாருங்கள்!

அப்புறம், கடையில் உதிரி இலையாக வாங்காதீர்கள், எந்த மரத்தில் பறித்தது என்று தெரியாது. ஏற்கெனவே ஒரு வாய் குடித்திருந்தால்கூட உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அரளி என்று சொல்லுங்கள்.