கட்டுப்பாட்டுத் திரைக்கு எத்தனை நிறங்கள் வேண்டும்?

கேள்வி: நாங்கள் வடிவமைத்துவரும் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கணினித் திரையில், ஓடும் பம்புகளைப் பச்சையிலும் நிற்பவற்றைச் சிவப்பிலும் காட்டியிருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த வடிவமைப்பாளர் எல்லாவற்றையும் சாம்பல் நிறத்துக்கு மாற்றச் சொல்கிறார். திரை களையிழந்துவிடாதா? (வாசகர், ஈரோடு)

பதில்: அவர் சொல்வதே சரி. நிற்கும் பம்ப் பழுதான பம்ப் அல்ல. மாற்றுக்காக வைத்திருக்கும் பம்புகள் சும்மா நிற்பது அன்றாட நடைமுறை. அவை இரவும் பகலும் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தால், சிவப்பைக் கண்டும் காணாமல் இருக்க ஆபரேட்டரின் கண் பழகிவிடும். பிறகு குளோரின் கசிவுக்காக அதே சிவப்பு எரியும்போது அது அவரை உலுக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின் துணைநிலையங்களில் பிரேக்கர் (மின்சுற்றை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் சுவிட்ச்) மூடி மின்சாரம் பாய்வதைச் சிவப்பு விளக்காலும், திறந்திருப்பதைப் பச்சை விளக்காலும் காட்டுவது நெடுநாள் வழக்கம். அங்கே வேலை பார்த்துவிட்டு உங்கள் நிலையத்துக்கு வருபவருக்கு, உங்கள் திரை நேர்மாறான பொருளைத் தரும்.

உளவியல் ஆய்வாளர்கள் ஆன் ட்ரீஸ்மனும் கேரி கெலாடும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். நிறத்தால் மட்டும் வேறுபட்ட ஒரு பொருளை, சுற்றிலும் எத்தனை பொருள்கள் இருந்தாலும், நாம் ஏறத்தாழ ஒரே வேகத்தில் கண்டுபிடித்துவிடுகிறோம். நிறத்தையும் வடிவத்தையும் சேர்த்துத் தேட வேண்டியிருந்தால், பொருள்கள் கூடக் கூட நேரமும் கூடுகிறது. நிற்கும் பம்பும் சிவப்பு, அபாயமும் சிவப்பு என்றால், ஆபரேட்டரை இந்த இரண்டாவது வகைத் தேடலுக்குத்தான் தள்ளுகிறீர்கள்.

ஏர்பஸ் விமானிகளின் தலைக்கு மேலுள்ள பலகையில், எல்லாம் இயல்பாக இருக்கும்போது பட்டன்களில் விளக்கே எரியாது. உடனே செயல்பட வேண்டியதற்குச் சிவப்பு, கவனித்தால் போதும் என்பதற்கு ஆம்பர் என்ற ஆரஞ்சு கலந்த மஞ்சள். இதற்கு நேர் எதிரான நிலையை 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் கண்டார்கள்: விபத்தின் முதல் சில நிமிடங்களிலேயே 100-க்கும் மேற்பட்ட அலாரங்கள் எழ, முக்கியமற்றவற்றை அடக்கிவைக்க ஏற்பாடே இல்லை என்று விசாரணை ஆணையம் பதிவுசெய்தது.

ஆகவே வெளிர் சாம்பல் பின்னணியில், ஓடும் பம்பை வெளிச்சமான நிரப்பாலும் நிற்பதை இருண்ட நிரப்பாலும் காட்டி, அருகில் ‘ஓடுகிறது’, ‘நிற்கிறது’ என்று எழுதிவிடுங்கள். அலாரத்துக்கு ஒதுக்கிய நிறங்களை வேறெதற்கும் தொடாதீர்கள். பார்வைக்கு வரும் விருந்தினருக்குத் திரை மங்கலாகத் தோன்றலாம். எட்டு மணி நேரம் அதன் முன் அமர்ந்திருப்பவரின் வசதியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆபரேட்டர் இருந்தால்? (வாசகி, மதுரை)

பதில்: ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு என்பதால், இதை அரிதான நிலையாக ஒதுக்க முடியாது. எந்தத் தகவலையும் நிறத்தால் மட்டும் சொல்லக் கூடாது என்பது இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளின் விதி. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற அளவிலாவது ஒளி வேறுபாடு வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. அலாரத்துக்கு முக்கோணம், சதுரம் எனத் தனி வடிவமும் உள்ளே முன்னுரிமை எண்ணும் கொடுங்கள். பிறகு திரையைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, எந்த அலாரம் எது என்று உங்கள் ஆபரேட்டர்களையே படிக்கச் சொல்லுங்கள்.