கன்னா வாங்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஜப்பானிய இழைப்புளியான கன்னா ஒன்று முதல்முறையாக வாங்கப்போகிறேன். எந்த அளவு எடுக்கலாம்?

பதில்: ஜப்பானியத் தச்சர்கள் அதிகம் புழங்குவது 70 மி.மீ. அகல அலகு, அதாவது சீவும் இரும்பு. தள்ளிச் சீவிப் பழகிய கை, இதை இழுத்துச் சீவவேண்டும். அகலம் கூடக்கூட இழுப்பதும் கடினம். அதனால் முதலில் 60 அல்லது 65 போதும்.

கேள்வி: வெள்ளைத்தாள் எஃகா, நீலத்தாள் எஃகா?

பதில்: இரண்டுமே ஜப்பானின் யசுகி ஊர் எஃகு. எஃகைச் சுற்றிவரும் தாளின் நிறம்தான் பெயரானது. வெள்ளையில் இரும்பும் கரியும் தவிர வேறு பெரிதாக இல்லை, கல்லில் சுகமாகத் தீட்டலாம். நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் உண்டு, கூர் நின்று உழைக்கும். தேக்கில் இருக்கும் சிலிக்கா கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தேக்கு வேலைதான் அதிகம் என்றால் நீலம் வாங்குங்கள். பைன் மாதிரி மென்மரத்துக்கு நான் வெள்ளையைத்தான் எடுப்பேன்.

கேள்வி: புதுக் கன்னா வந்து ஒரு வாரம் ஆகிறது. அலகு பாதிக்கு மேல் இறங்கவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை தம்பி. அலகே ஆப்பு வடிவம்தான், அதைத் தாங்கும் மரக்கட்டையின் காடிகளில் இறுகி நிற்கும். அதைப் பொருத்தும் வேலையை வாங்குபவருக்கே விட்டுவைப்பது வழக்கம். அலகு கட்டையில் படியும் பக்கத்தில் பென்சிலால் தேய்த்து, மெல்லத் தட்டி இறக்கி, வெளியே எடுங்கள். கட்டையில் கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் துளித்துளியாகச் சுரண்டுங்கள். பக்கவாட்டில் சற்று இடைவெளி இருக்கட்டும். அது தெரியாமல் சுத்தியலால் அடித்து இறக்கி, என் முதல் கட்டையைப் பிளந்துவிட்டேன்.

அப்புறம் அடிப்பக்கம். முழுதும் மட்டமாக்கக் கூடாது. உங்கள் பக்கமுள்ள விளிம்பும், அலகின் நுனி வெளிவரும் வாயை ஒட்டிய ஒரு கோடும் மரத்தைத் தொட்டால் போதும். நடுவே நூலிழை அளவு குழிவு வேண்டும். மழைக்காலத்தில் கட்டை அசையும், மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: அலகைப் பின்னிழுப்பது எப்படி?

பதில்: கட்டையின் தலைப்பக்க மூலைகளில், அதாவது சீவும்போது உங்களுக்கு எட்டத்தில் இருக்கும் முனையில், மாற்றி மாற்றித் தட்டுங்கள். நடுவில் வேண்டாம், பிளக்கும்.

கேள்வி: பழையது மலிவாகக் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா ஐயா?

பதில்: அலகைக் கழற்றிப் பாருங்கள். மென்னிரும்பின் மேல் கடின எஃகு ஒட்டியிருக்கும். அந்த எஃகு தேய்ந்து தீரும் நிலையில் இருந்தால் வேண்டாம். நுனிக்கருகே துரு குழிபறித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். மேல்துரு ஒன்றும் செய்யாது. கட்டை வெடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, புதிதாகச் செதுக்கிக்கொள்ளலாம்.