மியூட் போட்டுப் பாடிய பாட்டு

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், திருநெல்வேலிச் சீமையில் ஒரு சபையின் பாடகர் குழுவை 31 ஆண்டுகள் நடத்தி, ஆர்கனும் வாசித்து ஓய்ந்தவர்.)

கேள்வி: ஐயா, 2020 கொரோனா ஊரடங்கில் எங்கள் சபை ஜூமில் ஆராதனை நடத்தியது. பாட்டு வந்தாலே "எல்லாரும் மியூட் போடுங்க" என்பார்கள். அது ஏன்? என் மாமியார் (வயது 78) கோவில் திறந்து இத்தனை காலம் ஆகியும் யூடியூபில்தான் ஆராதனை பார்க்கிறார். இதெல்லாம் ஆராதனையில் சேர்த்தியா?
– வாசகி, நாசரேத்

பதில்: மியூட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. அந்த வருடம் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5. கையில் ஓலை இல்லாவிட்டாலும் பாட்டாவது சேர்ந்து பாடுவோம் என்று அடம்பிடித்தவன் நான்தான். போனை முறுக்குச் சம்படத்தில் சாய்த்து வைத்துவிட்டு கீபோர்டில் முதல் வரியை வாசித்தேன். என் சத்தம் அவர்களுக்குக் கால் நொடி தாமதமாகப் போகிறது. அவர்கள் பாடியது என்னிடம் திரும்பிவர இன்னொரு கால் நொடி. அவர்களுக்காக நான் வேகத்தைக் குறைக்க, என்னைக் கேட்டு அவர்களும் குறைக்க, இரண்டாம் சரணத்துக்குள் பாட்டு ஜவ்வுமிட்டாயாக இழுபட்டது. போதாக்குறைக்கு அந்தச் செயலி எது உரக்கக் கேட்கிறதோ அதைத் தூக்கிவிட்டு மற்றதை அமுக்கும். அன்றைக்கு உரக்கக் கேட்டது யார் வீட்டிலோ வந்த குக்கர் விசில். கடைசி ஆமென் கடுகு பொரிகிற மாதிரி விட்டுவிட்டு வந்தது. ஆராதனை முடிந்ததும் ஐயர் (எங்கள் சபைப் போதகர்) போன் பண்ணி, "அண்ணாச்சி, அடுத்த வாரம் நீங்க மட்டும் பாடுங்க" என்றார். மறுபேச்சுப் பேச வாயில்லை.

ஈஸ்டருக்கு (ஏப்ரல் 12) வேறு வழி பார்த்தோம். நான் கீபோர்டு வாசிப்பைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, ஒவ்வொருவரும் அதை ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே பாடி இன்னொரு போனில் பதிந்து அனுப்பினார்கள். பதினோரு குரல்களை என் தங்கை மகன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கோத்தான். ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடிய ஒருவரின் பதிவில் காகம் கரைந்தது. அழிக்கட்டுமா என்றான். விடியற்காலை ஆராதனைதானே, இருக்கட்டும் என்றுவிட்டேன்.

அப்புறம் செப்டம்பர் 1-ல் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. ஆனால் பாட முடியாது. ஜூன் 4-லேயே மத்திய சுகாதார அமைச்சகம், பாடகர் குழு கூடாது, முடிந்தவரை பதிவுசெய்த பாட்டைப் போடுங்கள் என்று நெறிமுறை விட்டிருந்தது. 65 வயது தாண்டியவர்கள் வீட்டில் இருப்பது நல்லது என்றும் அதில் இருந்தது. பாட்டைக் கண்டால் இவர்களுக்கு என்ன கசப்பு என்று முணுமுணுத்தேன். அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் நடந்ததைப் படித்த பிறகுதான் வாயை மூடினேன். 2020 மார்ச் 10 அன்று 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பாட்டு ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அவர்களில் 53 பேர் நோயில் விழுந்தார்கள், இரண்டு பேர் இறந்தே போனார்கள். எங்கள் ஒத்திகையும் அப்படித்தானே, ஜன்னல் சாத்திய அறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்கும்!

திறந்த முதல் ஞாயிறு ஸ்பீக்கரில் பாட்டு ஓட, எல்லாரும் முகக்கவசத்தோடு நின்றோம். சட்டப்படி ஒருவரும் பாடவில்லை. ஆனால் கவசத்துக்கு உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கோவில் முழுக்க இருந்தது. ராகம் பிசகவே இல்லை.

சரி, மாமியாருக்கு வருகிறேன். சேர்த்தியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் பிஷப் இல்லை. எங்கள் சபையிலும் ஒரு ஆச்சி இப்படித்தான் வராமலே இருந்தார். பக்தி குறைந்துவிட்டது என்று பேசினார்கள். போய்க் கேட்டால், "யூடியூப்ல பாட்டு வரியைப் பெருசாப் போடுதான்யா. கோவில்ல புஸ்தகத்தை விரிச்சா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார். ஐந்து பாட்டையும் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சனிக்கிழமையே வீட்டில் கொடுத்தோம். வந்துவிட்டார். உங்கள் மாமியாருக்கு அது கண்ணா, முட்டியா, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார முடியாத இடுப்பா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அதுவரை டிவி முன்னால் அவர் பாடும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாடுங்கள். அங்கே மியூட் போட ஆளில்லை.

கேள்வி: திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் எல்லாரும் திராட்சை ரசம் பானம்பண்ணுவது நின்று, எங்கள் சபையில் சின்னக் கோப்பைகள் வந்துவிட்டன. இனி பழையபடி மாறுமா?
– வாசகர், சாயர்புரம்

பதில்: எங்கள் ஊரில் மாறவில்லை, மாறும் என்றும் தோன்றவில்லை. வெள்ளிப் பாத்திரம் பீடத்தில் இருக்கிறது, ஐயர் அதை உயர்த்திக் காட்டுகிறார், எங்களுக்கு வருவது கட்டைவிரல் உயரக் கோப்பை. எனக்கு மனசு ஒப்பவில்லைதான். ஆனால் திருவிருந்து முடிந்ததும் நூற்றுச் சொச்சம் கோப்பைகளை வெந்நீரில் கழுவித் துடைத்துக் கவிழ்க்கும் பெண்கள் ஐக்கியச் சங்கத்து அம்மாக்களிடம் ஒரு வார்த்தை கேட்டால், அவர்கள் உங்களைவிட வேகமாகப் பழைய முறைக்குக் கை தூக்குவார்கள்.

கேள்வி: 2021-ல் கொரோனாவுக்காக அரசு வெள்ளி, சனி, ஞாயிறு கோவிலைப் பூட்டச் சொன்னதே, உங்கள் சபை என்ன செய்தது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வியாழன் சாயங்காலம் ஆறரைக்கு ஆராதனை வைத்தோம் தம்பி. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை வியாழக்கிழமை இஸ்திரி போடுவதே விநோதமாக இருந்தது. ஆனால் கூட்டம் வழக்கத்தைவிடக் கூடுதல். ஞாயிறு காலையில் கறிக்கடையில் நிற்கும் ஆண்களெல்லாம் அன்றைக்கு வந்துவிட்டார்கள். அக்டோபர் நடுவில் ஞாயிறு திரும்பக் கிடைத்தது, அவர்கள் கறிக்கடைக்குத் திரும்பிப் போனார்கள்.