வாசகர் கேள்வி பதில்: ஆலைக்கு முன்னால் நடக்கும் வேலை

கேள்வி: ஒரு ரசாயன ஆலைத் திட்டத்தில் நிதிப் பிரிவில் இருக்கிறேன். கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பே 'ஃபீட்' என்ற பெயரில் பல மாதங்கள் வரைபடங்களாகவே போய்க்கொண்டிருக்கிறது. நேராக ஒப்பந்தக்காரரைப் பிடித்து வேலையை ஆரம்பித்தால் என்ன?

பதில்: ஆரம்பிக்கலாம், ஆனால் எதை ஆரம்பிக்கிறோம் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. ஃபீட், அதாவது ஃப்ரன்ட் எண்ட் இன்ஜினியரிங் டிசைன், சாத்தியக்கூறு ஆய்வுக்கும் விரிவான வடிவமைப்புக்கும் நடுவில் வருகிற கட்டம். ஆலை ஒரு நாளைக்கு எவ்வளவு உற்பத்தி செய்யும், மூலப்பொருள் எந்தத் தரத்தில் வரும், எந்தக் கருவி எங்கே நிற்கும், நீராவியும் மின்சாரமும் குளிர்விக்கும் நீரும் எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகிறது. பொதுவாக மொத்தத் திட்டச் செலவில் 2, 3 சதவீதம்தான் இதற்குப் போகும். மீதிப் பணம் எப்படிச் செலவாகும் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சின்னத் தொகைதான்.

ஒரே ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 6 அங்குலம் போதாது, 8 அங்குலம் வேண்டும் என்று ஃபீட் நேரத்தில் தெரிந்தால் குழாய்களும் கருவிகளும் அளவுமானிகளும் எப்படி இணைகின்றன என்று காட்டும் பி அண்ட் ஐடி வரைபடத்தில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அதே விஷயம் கட்டுமானத்தின் போது தெரியவந்தால் வால்வுகள் மாறும், குழாயைத் தாங்கும் பைப் ராக்கின் சுமை மாறும், குழாய் எவ்வளவு விசையைத் தாங்கும் என்று பார்க்கும் ஸ்ட்ரெஸ் கணக்கைத் திரும்பப் போட வேண்டும், சில நேரம் ஏற்கெனவே ஊற்றிய அஸ்திவாரமே போதாமல் போகும், இதற்கெல்லாம் மேலே ஒப்பந்தக்காரர் கூடுதல் தொகையும் கூடுதல் காலமும் கேட்பார், அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். நிதிப் பிரிவில் இருப்பவர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன், இந்த மாதங்களைக் குறைக்கச் சொல்லி நீங்கள் அழுத்தம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் திட்ட மதிப்பீடு மூன்று முறை மாறிவிட்டது. பொறியாளர்களுக்குக் கணக்கு வரவில்லையா?

பதில்: மாறாமல் இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உங்களுடையது போன்ற செயல்முறை ஆலைகளுக்கு, செலவு மதிப்பீட்டுத் துறையின் தொழில்முறை அமைப்பான ஏஏசிஇ, மதிப்பீடுகளை 5 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. யோசனை அளவில் இருக்கும்போது போடுவது 5-ஆம் வகுப்பு. அதில் உண்மைச் செலவு மதிப்பீட்டைவிட 100 சதவீதம் வரை கூடலாம், 50 சதவீதம் வரை குறையவும் செய்யலாம். ஃபீட் முடிவில் வழக்கமாகக் கிடைக்கும் 3-ஆம் வகுப்பில் அந்த வீச்சு மேலே 10 முதல் 30 சதவீதம், கீழே 10 முதல் 20 சதவீதம் என்று சுருங்கிவிடும். முதலீட்டு முடிவைப் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எடுக்கிறார்கள். தப்பு நடப்பது எங்கே என்றால், முதல் கூட்டத்தில் சொன்ன எண் மேலிடத்தின் மனதில் அப்படியே பதிந்துவிடுகிறது. எண்ணை மட்டும் சொல்லாமல் அது எந்த வகுப்பு என்பதையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: ஃபீட் முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: ஆவணங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியாது. கன்ஸ்ட்ரக்‌ஷன் இண்டஸ்ட்ரி இன்ஸ்டிட்யூட் உருவாக்கிய பிடிஆர்ஐ என்ற மதிப்பெண் முறை இதற்கு உதவும். தொழிற்சாலைத் திட்டங்களுக்கான பட்டியலில் 70 அம்சங்கள், அதிகபட்சம் 1000 புள்ளிகள், எண் குறையக் குறைய திட்டம் தெளிவாக இருக்கிறது என்று பொருள். 200-க்குக் கீழே வந்துவிட்டால் தைரியமாக அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஆனால் மதிப்பெண்ணை ஃபீட் செய்தவர்கள் மட்டும் போட்டுக்கொண்டால் பயனில்லை. ஆலையை ஓட்டப்போகிறவர்களும் பராமரிக்கப்போகிறவர்களும் மேஜையில் உட்கார வேண்டும். வெப்பத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உள்ளே இருக்கும் குழாய்த் தொகுப்பை வெளியே இழுக்க எதிரில் இடம் விட்டிருக்கிறதா என்று கேட்கத் தோன்றுவது அவர்களுக்குத்தான்.

கேள்வி: ஆலையில் எது தவறினால் என்ன ஆபத்து வரும் என்று அலசும் ஹேஸாப் ஆய்வை விரிவான வடிவமைப்பில் வைத்துக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. இரண்டு இடத்திலும் வேண்டும். ஃபீடில் செய்தால் பெரிய மாற்றங்களை இன்னும் காகிதத்திலேயே செய்ய முடியும்.

கேள்வி: ஃபீட் ஓடும்போதே கம்ப்ரஸருக்கு ஆர்டர் கொடுக்கச் சொல்கிறார்கள். இது அவசரமில்லையா?

பதில்: இல்லை, பெரும்பாலும் சரியான யோசனைதான். பெரிய கம்ப்ரஸர், தடித்த சுவருள்ள ரியாக்டர் மாதிரியான கருவிகள் தயாராகி வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆகலாம். அவை வராமல் திட்டம் நகராது. இன்னொரு லாபமும் இருக்கிறது, தயாரிப்பாளர் தரும் எடையும் அளவும் கையில் இருந்தால் அஸ்திவார வடிவமைப்பு ஊகத்தில் நடக்காது. ஆனால் அதற்கு முன்னால் வாயுவின் கலவை, ஓட்டத்தின் அளவு, உள்ளே வரும் அழுத்தம், வெளியேறும் அழுத்தம் இவை நான்கும் கருவியின் தேவைகளைப் பட்டியலிடும் டேட்டா ஷீட்டில் உறுதியாகியிருக்க வேண்டும். இதில் ஒன்று ஊசலாடினாலும் முழு ஆர்டர் கொடுக்காதீர்கள். முதலில் வடிவமைப்பு வேலைக்கு மட்டும் தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் போடுங்கள், ரத்து செய்தால் எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.